வளையல் கையோடு கொழும்புக்கு

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் திருவண்ணாமலையில் எனக்கு வளைகாப்பு. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் கொழும்பில் எனக்குப் பரீட்சை. இந்த இரண்டு தேதியும் தானாக நெருங்கி வந்து உட்காரவில்லை. பரீட்சைக்கு நான் விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தவர் என் நாத்தனார். ஏழாம் மாதம் வேண்டாம், ஒன்பதாம் மாதம் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வளை போட்ட பெண் தண்ணீர் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்க்காலையே தாண்டக் கூடாது என்றால் கடலைப் பற்றிப் பேச்சே கிடையாது.

பரீட்சையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்க நம் பட்டம் மட்டும் போதாது. அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். எழுபதுகளில் அதை இந்தியாவில் நடத்தவில்லை. நம் ஆட்கள் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய் எழுதிவிட்டு வந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று.

எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். அங்கே ரெசிடென்சி என்கிற பயிற்சி வேலை ஜூலை முதல் தேதி தொடங்கும். அதற்கு ஆள் எடுப்பதை முந்தின வருஷம் அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஜூலையில் எழுதினால் செப்டம்பரில் முடிவு வரும், விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பலாம். ஜனவரியில் எழுதினால் மார்ச்சில்தான் முடிவு வரும். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். போன ஜனவரியில் நான் ஹவுஸ் சர்ஜன். கொடுத்த லீவுக்கு மேல் ஒரு நாள் போனாலும் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று பயிற்சிக் காலத்தை நீட்டிவிடுவார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டு வார்டில் இருந்தேன். வருகிற ஜனவரியில் எழுதினால் ஒரு வருஷம் வீண். அந்த ஒரு வருஷத்துக்குள் வெளிநாட்டு டாக்டர்களுக்குச் சட்டத்தை இறுக்கப்போகிறார்கள் என்று ஹாஸ்டல் முழுக்கப் பேச்சு. ஆக, எனக்கு இருந்தது இந்த ஒரு ஜூலைதான். அதில்தான் எனக்கு ஏழாம் மாதமும் வந்தது.

என் கணவர் ஏழுமலை திருவண்ணாமலையில் பள்ளிக்கூட வாத்தியார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கூட வருவதாக இருந்தவர், பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் என்று தலைமையாசிரியர் லீவு மறுத்ததும், கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

வளைகாப்பு அன்று என் கை வீங்கியிருந்ததால் சோப்பு போட்டு வளையல் ஏற்றினார்கள். கைக்குப் பத்தொன்பது, பச்சையும் சிவப்பும். நாத்தனார்தான் ஏற்றினார். கூடியிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அவ்ளோதான். இனிமே நம்ம டாக்டரம்மா எங்கயும் போவ முடியாது. கொழந்த பொறக்கற வரைக்கும் கோயிலு பே கோபுரத்தத் தாண்டக் கூடாது.”

“கொழும்புக்குப் போற வழியில பே கோபுரம் வராதுங்க, அண்ணி,” என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. கடைசி வளையலைக் கொஞ்சம் அழுத்தியே ஏற்றினார்.

சாயங்காலம் என் பாஸ்போர்ட்டைத் தேடினேன், காணோம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும், பிரசவம் முடிந்ததும் சாவியைத் தருவதாகவும் அண்ணி சாவகாசமாகச் சொன்னார். நான் கத்த ஆரம்பிப்பதற்குள் என் மாமியார் கத்தினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சையம்மாள். கீழ்பென்னாத்தூரில் இருந்து வந்தவர்; அங்கே இப்போதும் அவர் பேரில் இரண்டு ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிறது. போன வருஷம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து இலங்கையில் இருக்கும் கதிர்காமத்துக்குப் போவதாகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். யார் தலைமையில் போவது என்று சண்டை வந்து கோஷ்டி கலைந்துபோனது. அத்தையின் பாஸ்போர்ட் மட்டும் மஞ்சள் துணியில் சுற்றி அதே பீரோவில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அண்ணி பூட்டியிருந்தார்.

“என் பாஸ்போட்டயும் சேத்து பூட்டிட்டியா? யார கேட்டு பூட்டன நீ?”

“நீ எங்கமா போவப் போற? அவள தடுக்கத்தான பூட்டனேன்.”

“நான் எங்கயும் போவாதவனு நீ எப்டி முடிவு பண்ண? குடு சாவிய.”

சாவி வந்தது. அத்தை இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தார். என்னைப் பார்த்து, “நீ ஒண்டியா போவாத. வளை போட்ட வூட்டுக்காரி நானு. ஒரு வளை ஒடையாம போய்த் திரும்பணும், அவ்ளோதான். நானும் வரேன்,” என்றார். அன்று பகல் வரை அவர் மகள் பக்கம்தான் இருந்தார் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பீரோ சாவி இல்லாவிட்டால் அவர் கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே இருந்திருப்பார்.

கப்பல் ஏறும் நாளே தகராறு. துறைமுகத்து வரிசையில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்த அதிகாரி ஒருவர், “எத்தன மாசம்?” என்றார். சொன்னேன். “ஆறு மாசத்துக்கு மேல டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாம ஏத்த முடியாதும்மா. அடுத்த கப்பல் நாளைக்கு மறுநாள். டவுனுக்குப் போய் வாங்கிட்டு வாங்க.”

அடுத்த கப்பலில் போனால் பரீட்சை முடிந்து பேப்பரைக் கட்டி அனுப்பியிருப்பார்கள். பையைத் திறந்தேன். என் பேர் அச்சடித்த தாள் இருந்தது. திருமதி கஸ்தூரியைப் பரிசோதித்தேன், பிரயாணம் செய்யத் தகுதியாக இருக்கிறார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணையும் எழுதி நீட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். “பேஷன்ட் பேரும் கஸ்தூரி, டாக்டர் பேரும் கஸ்தூரியா?”

“எங்க ஊர்ல கஸ்தூரிங்க ஜாஸ்தி, சார்.”

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் தாளை மடித்து மேசை டிராயரில் போட்டுவிட்டுக் கையை அசைத்தார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்ததோ இல்லையோ, பரிசோதனை உண்மை. காலையில்தான் என் ரத்த அழுத்தத்தை நானே பார்த்திருந்தேன்.

கடல் அன்று நல்ல குணத்தில் இல்லை. கப்பல் கிளம்பிக் கால் மணி நேரத்தில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. சுற்றி இருந்த ஆண்களில் பாதிப் பேர் என்னை விட மோசம். அத்தை மட்டும் மல்லாட்டை உருண்டையைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார். மழை பெய்தால்தான் விதைப்பு என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர் அவர்.

“இவ்ளோ தண்ணிய வச்சிக்கினு ஒரு காணி நெலம் பாய்ச்ச முடியாது. இன்னா பிரயோஜனம்?” என்றார்.

நான் தண்ணீர் தாண்டுகிறேன் என்கிற நினைப்பே அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. வாந்திக்கு நடுவிலும் எனக்கு ஒரு திமிரான சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் ரயில். காடும் பொட்டலுமாக மாறி மாறி வந்தது. ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தின் மேல் ஏழெட்டு எருமைகள். கார்டு கொடியை ஆட்டினார், ஓட்டுநர் ஊதினார். எருமைகள் அவர்களைப் பொருட்டாகவே நினைக்கவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த ஒரு சிங்களக் கிழவர் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: “போன மாசம் ரெண்டு மணித்தியாலம் நின்டதாம். அதுகளா எழும்பினாத்தானாம்.”

நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கினார். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய், முன்னால் படுத்திருந்த பெரிய எருமையின் பின்தொடையில் ஒரு தட்டுத் தட்டி, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். அது எழுந்து நடந்தது. மற்றவை அதன் பின்னாலேயே போயின. பெட்டி பெட்டியாகக் கைதட்டினார்கள். கார்டு தொப்பியைத் தொட்டு ஒரு சலாம் போட்டார்.

“எருமைக்கு பாஷ கீஷலாம் ஒண்ணும் வேணாம்,” என்று ஏறி உட்கார்ந்தார் அத்தை.

கொழும்பில் நாங்கள் தங்கியது வெள்ளவத்தையில், பரமேஸ்வரி என்கிற யாழ்ப்பாணத்து அம்மாள் வாடகைக்கு விடும் ஓர் அறையில். பரீட்சைக்கு வருகிற டாக்டர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் அங்கேதான் தங்குவார்கள். கதவைத் திறந்தவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

“வாங்கோ பிள்ளை. வளைகாப்பு முடிஞ்ச கையோட வந்தனீங்களோ? இவ உங்கட அம்மாவோ?”

“மாமியாரு,” என்றார் அத்தை.

“மாமியாரோ! சோதினைக்கு மாமியார் கூட்டிக்கொண்டு வந்தவவோ!” என்று உள்ளே திரும்பி யாருக்கோ கேட்கச் சொன்னார். சோதினை என்றால் அங்கே பரீட்சை. அந்த வீட்டில் இருந்த நாலு நாளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போது அங்கே சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. அரிசி ரேஷன், மிளகாய் யானை விலை. பாண் என்கிற ரொட்டிக்குக் காலையிலேயே வரிசை நிற்கும். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. நான் என் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்ததை நானே மூன்று வேளையும் தின்றேன். ஆனால் கூட வைத்த தேங்காய்ச் சம்பலும், மஞ்சளாக ஒரு தேங்காய்ப்பால் சொதியும் இருக்கிறதே, அதற்காக இன்னொரு தடவை கடல் தாண்டலாம். அத்தை ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளை எடுத்துக் கொடுத்ததும், பரமேஸ்வரி அம்மாள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முதல் எங்களுக்கு ராஜ உபசாரம்.

பரீட்சைக்கு முந்தின நாள் இடம் பார்க்க பஸ்ஸில் போனோம். ஏறியதும் ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். எங்கள் ஊர் பஸ்ஸிலும் கொடுப்பார்கள். ஆனால் எத்தனை மாசம், தலைப்பிரசவமா, எந்த ஆஸ்பத்திரி, வயிறு பார்த்தால் பெண் மாதிரி இருக்கிறதே என்று கண்டக்டர் உட்பட எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் உட்கார முடியும். இவன் எழுந்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தைக்கு அது பெரிய குறையாக இருந்தது.

பரீட்சை மண்டபத்தின் வாசலில் ஏற்கனவே ஒரு கூட்டம். கேரளத்தார், ஆந்திரக்காரர்கள், சென்னைக்காரர்கள். சைதாப்பேட்டையில் இருந்து வந்த ஒரு டாக்டர் மூன்றாவது தடவையாக எழுதுகிறார். என் வயிற்றைப் பார்த்துவிட்டு அக்கறையாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கு என்ன மேடம் இவ்ளோ அவசரம்? டெலிவரி முடிச்சிட்டு நிம்மதியா ஜனவரில எழுதலாமே.”

“நீங்க போன ஜனவரில எழுதினீங்களா?”

“எழுதினேன். பெயிலு.”

“பாஸாகி இருந்தா இந்த ஜூலைல வேலைல சேர்ந்திருப்பீங்களா?”

யோசித்தார். “எங்க? ரிசல்ட் வந்தப்போ எல்லா எடமும் முடிஞ்சி போச்சி.”

“அதுக்குத்தாங்க அவசரம்.”

அவர் சிரித்துவிட்டு, “நியாயம்,” என்று ஒதுங்கிக்கொண்டார்.

பரீட்சை நாள். காலை ஒரு பாகம், மதியம் ஒரு பாகம். ஒவ்வொரு கேள்விக்கும் நாலைந்து விடை. சரியானதற்கு நேரே பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். எழுத வேண்டிய வேலை இல்லை, நிமிடத்துக்கு ஒன்று என்று கறுப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். நான் கறுப்பாக்க ஆரம்பித்தேன். மண்டபத்தில் இருநூறு பேர், ஊசி விழுந்தால் கேட்கும். என் வலது கைப் பத்தொன்பது வளையலும் பென்சிலோடு சேர்ந்து ஆடியது. எனக்கு அது கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாளில் காது பழகிவிட்டது. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் உச்சுக் கொட்டினார். இருபதாவது நிமிடம் மேற்பார்வையாளர் என் மேசை முன்னால் நின்றார். உயரமாக, மெல்லிய குரலில், மரியாதையான ஆங்கிலம்.

“மன்னிக்க வேண்டும். சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. வளையல்களைக் கழற்றி மேசை மேல் வைக்கிறீர்களா?”

“கழற்ற முடியாது.”

“ஏன்?”

“கை வீங்கியிருக்கிறது. உடைத்தால்தான் வரும்.”

“அப்படியானால்…” என்று இழுத்தார். உடைத்துவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முகத்தில் அதுதான் இருந்தது.

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. ஊரில் வளையலோடு பரீட்சைக்குப் போகக் கூடாது என்றார்கள். இங்கே பரீட்சையில் வளையலோடு உட்காரக் கூடாது என்கிறார்கள். நடுவில் என் கையை நான் எங்கே வைப்பது? வளையல் உடைந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மேசை விளிம்பில் ஒரு தட்டு, வேலை முடிந்தது. ஆனால் வெளியே மரத்தடியில் அத்தை இதற்காகவே கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த மனிதர் சொல்லி நான் உடைப்பதா என்கிற வீம்பு. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

“பேண்டேஜ் கொடுங்கள். மேலே சுற்றிக்கொள்கிறேன்,” என்றேன்.

அவர் போனார், முதலுதவிப் பெட்டியோடு வந்தார். திறந்தால் ஒரு கத்தரிக்கோலும், காய்ந்துபோன டிங்க்சர் சீசாவும். இருநூறு டாக்டர்கள் இருந்த இடத்தில் ஒரு முழம் பேண்டேஜ் இல்லை. அப்போது பின்னால் இருந்து ஒரு கைக்குட்டை நீண்டது. சைதாப்பேட்டை டாக்டர், தலையை நிமிர்த்தாமல் கறுப்பாக்கிக்கொண்டே இடது கையால் நீட்டுகிறார். அடுத்த வரிசையில் இருந்து இன்னொன்று. கேரளத்துப் பையன் ஒருவன் இஸ்திரி மடிப்புக் கலையாத ஒன்றைக் கொடுத்தான். உச்சுக் கொட்டியவரும் கொடுத்தார். மேற்பார்வையாளருக்கு அடுத்த சந்தேகம் வந்தது: கைக்குட்டையில் விடை எழுதியிருந்தால்? ஒவ்வொன்றையும் விரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிறகு என்னிடம் கொடுத்தார். மூன்றைச் சுற்றி, நாலாவதால் முடிச்சுப் போட்டேன். எல்லாம் முடிந்து பென்சிலை எடுத்தபோது பதினொரு நிமிடம் போயிருந்தது.

மதிய இடைவேளையில் அத்தை புளிச்சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கைக்குட்டைகளை அவிழ்த்து வளையல்களை எண்ணினார். பத்தொன்பதும் இருந்தன. பிறகு பையிலிருந்த பழைய நூல் புடவையை எடுத்து, பல்லால் கடித்து, நீளமாக ஒரு பட்டை கிழித்து, மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் இறுக்கிச் சுற்றினார்.

“துன்னு மொதல்ல. மத்தியானம் எவனாவது கேட்டான்னா என்ன கூப்புடு,” என்றார்.

மத்தியானம் கேட்டார்கள். மேற்பார்வைக்கு வேறு ஆள் வந்திருந்தார். முழங்கை வரை கட்டோடு வருகிறவளைச் சும்மா விடுவாரா? அவிழ்க்கச் சொன்னார். நான் எழுந்து நின்று, அத்தையை எல்லாம் கூப்பிடாமல், எட்டு முழமோ பத்து முழமோ, மொத்தத்தையும் நிதானமாக அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்தேன். உள்ளே வளையலைப் பார்த்ததும் அவர் காது சிவந்துபோனது. திரும்பச் சுற்றிவிட அவரையே பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். அதில் இன்னும் ஆறு நிமிடம்.

கட்டுப் போட்ட கை வேறு வேகமாக ஓடவில்லை; மணி அடிக்க ஒரு நிமிடம் இருந்தபோது எனக்கு மீதி பதினான்கு கேள்விகள். படிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக இரண்டாவது விடையைக் கறுப்பாக்கிவிட்டு வெளியே வந்தேன். வந்ததும் அழுதேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். எனக்குத் தெரிந்த பதினான்கு கேள்விகளாக இருந்திருக்கும் அவை.

அத்தை என் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு சொன்னார்.

“ஒடச்சே இருக்கலாம்டி. நான் ஒண்ணும் சொல்லி இருக்க மாட்டேன்.”

“அத காத்தாலயே சொல்லி இருக்கக் கூடாதா அத்த?” என்று நடுத்தெருவில் கத்தினேன்.

“காத்தால எனக்கே தெரியாது,” என்றார்.

பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு பஸ் எங்களை ஏற்றாமலே போய்விட்டது. கதிர்காமம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அன்று பரமேஸ்வரி அம்மாளிடம் அத்தை கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஒரு முழு நாள் பயணம் என்றார் அவர். எங்கள் கப்பல் அதற்குக் காத்திருக்காது. “சரி, சாமி அங்கதான இருப்பாரு,” என்றார் அத்தை. அவர் விட்டுக்கொடுத்ததற்கு நான் நன்றி சொல்லவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

திரும்பி வந்து ஒன்றரை மாதத்தில், ஊர் பயந்ததைப் போல ஒன்றும் ஆகாமல், மகள் பிறந்தாள். மூன்று கிலோ. அண்ணிதான் முதலில் தூக்கினார். கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

குழந்தைக்குப் பத்தொன்பதாம் நாள் கவர் வந்தது. தேற எழுபத்தைந்து வேண்டும். எனக்கு எழுபத்தாறு. வாழ்க்கையில் நான் வாங்கிய மிக மோசமான மார்க், அதைப் போல எதையும் கொண்டாடியதில்லை.

கொண்டாட்டம் ஒரு மணி நேரம்தான். “பாஸாயிட்ட இல்ல, மார்க் எங்கயும் ஓடிடாது. கொழந்த ஒரு வயசு ஆவட்டும், அடுத்த வருஷம் அப்ளிகேஷன் போட்டுக்கலாம்,” என்றார் அண்ணி. மாமனாரும் அதையே சொன்னார். இதையே அவர்கள் ஓர் ஆணிடம் சொல்லியிருப்பார்களா? அண்ணியின் கணவர் அவர்கள் மூன்றாவது பிள்ளை பிறந்த மாதமே குவைத்துக்குப் போனார். எல்லாரும் மாலை போட்டு வழியனுப்பினார்கள். அதைச் சொன்னேன்.

அப்போதுதான் என் கணவர் முதல் தடவையாகத் தானாக ஒரு காரியம் செய்தார். மேசையை இழுத்துப் போட்டு, வாத்தியார் கையெழுத்தில், பதினொரு கவரிலும் பதினொரு ஆஸ்பத்திரிகளின் முகவரியை எழுதினார். ஆனால் அவர் பள்ளி விட்டு வருவதற்குள் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் பிறக்க இன்னும் நாலே நாள். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்று அதற்கும் ஒரு வழக்கம் தயாராக இருந்தது. காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டிக்கொண்டு நான் கிளம்பினேன்.

அத்தை மடியில் குழந்தை. “போய்ட்டு வா. பசிச்சா அழுவா. கொஞ்ச நேரம் அழுவட்டும்,” என்றார்.

தபாலாபீஸில் ரிஜிஸ்டர் வாங்குகிறவர் என் தலைக்கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இன்னாம்மா இது, பச்ச உடம்போட வந்து நிக்கறீங்க? வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?”

“இருக்காங்க. பரீட்ச எழுதினது நானு, சார்.”

அவர் பதினொரு கவரையும் ஒவ்வொன்றாக நிறுத்தார்.

ஒன்பது இடங்களில் இருந்து இல்லை என்று பதில் வந்தது. ஒன்றில் இருந்து பதிலே இல்லை. ஒரே ஓர் ஆஸ்பத்திரி மட்டும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. கூடவே, விண்ணப்பத்தில் கைக்குழந்தை இருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள், சிரமமாக இருந்தால் ஒரு வருஷம் தள்ளிச் சேருகிறீர்களா என்று அன்போடு கேட்டிருந்தார்கள். அன்போடுதான். அண்ணியும் அன்போடுதான் கேட்டார். நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: ஜூலை முதல் தேதி காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன்.

வந்தேன். குழந்தை, கூட வந்த என் கணவர் தோளில் இருந்தது.